ரம்பொடை இறக்கத்தில் சத்தம் போடாத கார்

இதை எழுதவேண்டும் என்று நினைத்து நாலைந்து வருடமாகிவிட்டது. எழுதாமல் இருந்ததற்குக் காரணம் என் மருமகன் கஜன். கிளிநொச்சியில் வாடகைக்குக் கார் ஓடிப் பிழைக்கிற பிள்ளை. நான் எழுதப்போய், அவனுடைய காரில் ஏறச் சனம் பயந்துவிடுமோ என்று பேசாமல் இருந்தேன். போன கிழமை அவனே வந்து, "மாமா, இப்ப எங்கட சனமெல்லாம் காரெடுத்துக்கொண்டு நுவரெலியா பார்க்கப் போகுது. நீங்கள் அதை எழுதுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ" என்றான். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நாங்கள் கஜனின் காரில் போனது என் மனைவி சரசுவின் அக்காவைக் கூட்டிவர. சரசு பிறந்தது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில். சிறுமியாக இருக்கும்போதே தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்துவிட்டாள். அப்போதே கல்யாணம் முடித்திருந்த அக்கா முத்தம்மா அங்கேயே தங்கிவிட்டார். புருஷன் காலமான பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனியாள், பிள்ளைகளும் இல்லை. அக்கா இனித் தன்னோடேயே இருக்கவேண்டும் என்று சரசு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றும்போது சாமியிடம் கேட்பாள். அக்காதான் இழுத்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் அவருக்குப் பயமில்லை, காரில் இறக்கம் இறங்கப் பயம். கடைசியில் ஒரு பேச்சோடு சம்மதித்தார். வழியில் பயம் வந்தால் அந்த இடத்திலேயே இறங்கிப் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிடுவார். யாரும் மறிக்கக்கூடாது.

விடிய ஐந்து மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டோம். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்பதுபோல் நாங்களும் நின்று, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினோம். கஜன் நூறு ரூபாய்க்குக் கச்சான் கடலை வாங்கி எங்கள் கையில் தந்தான். மாங்குளம் கழிந்ததும் ஸ்ரியறிங்கில் இருந்த ஒரு பொத்தானை அமத்திவிட்டுக் காலை எடுத்துவிட்டான். வேகம் காட்டுகிற முள் அறுபதில் அப்படியே நின்றது. இதற்குப் பெயர் குறூஸ் கொன்ட்ரோல், நாங்கள் சொன்ன வேகத்தைக் கார் தானாகவே வைத்திருக்கும் என்று விளங்கப்படுத்தினான்.

"அப்ப கார் தானே ஓடுது? வாடகையைக் காரிட்டையே குடுக்கலாம்போல" என்றாள் சரசு.

கனகராயன்குளம், ஓமந்தை, வவுனியா எல்லாம் அந்த அறுபதிலேயே கழிந்தன. எங்கள் றோட்டு தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி மட்டமானது. கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கு இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் வரும். மத்தியானம் அங்கே சோறு சாப்பிட்டோம். புசல்லாவைக்குப் பிறகு ஏற்றம்தான். பொழுதுபடும் நேரம் ரம்பொடைக்கு மேலே இருந்த தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்காவும் தங்கச்சியும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சரசு "சுகமா இருக்கிறீங்களோ?" என்றதும் அக்கா சிரித்துவிட்டார். "என்னடி, யாழ்ப்பாணத்துக்காரி மாதிரி பேசுற!"

அடுத்தநாள் காலை எட்டு மணிக்குப் பூட்டைப் போட்டு, சாமிப்படத்தையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு அக்கா காரில் ஏறினார். பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். வெளியில் மெல்லிய பனிப்புகார். இறக்கம் தொடங்கியதும் கஜன், பெரியம்மாவுக்குப் பயம் வரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில், குறூஸை நாற்பதில் போட்டான். நாற்பதுக்கு மேல் போகாது என்று சொல்லியும் விட்டான்.

போனது. முள் நாற்பத்தைந்தைத் தாண்டி ஐம்பதைத் தொட்டது. பிறேக்கை மிதித்தான், கார் அடங்கியது, குறூஸும் விடுபட்டது. திரும்பப் பொத்தானை அமத்தினான். திரும்பவும் வேகம் ஏறியது, திரும்பவும் மிதித்தான். பிறகு குறூஸை விட்டுவிட்டுப் பிறேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறக்கினான். கொஞ்ச நேரத்தில் எரிந்த நாற்றம் வந்தது. நான் முருகா முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, வண்டி ஏன் சத்தமே போடல?" என்று கேட்டார் அக்கா.

கஜன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். "நல்ல கார் பெரியம்மா. எஞ்சின் சத்தம் வெளியில கேக்காது."

"பஸ்ஸுன்னா இந்த எறக்கத்துல உறுமிக்கிட்டே எறங்கும். அந்தச் சத்தத்த நம்பித்தான் நான் ஒக்காந்திருப்பேன். நிப்பாட்டுங்க, நான் எறங்கிக்கிறேன்."

மரக்கறி விற்கிற கொட்டில் ஒன்றுக்குப் பக்கத்தில், றோட்டு மட்டமாக இருந்த இடத்தில் நிறுத்தினான். அக்கா பையோடு இறங்கி, மேலே போகிற பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றார். சரசுவும் போனாள். "நான் மறிக்கேல்லை அக்கா. பஸ் வருமட்டும் பக்கத்தில நிக்கிறன்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கஜன் காரின் முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கிட்டப் போகவே சூடு அடித்தது. அப்போது ஒரு பஸ் கீழ்நோக்கி உறுமிக்கொண்டு போனது. எனக்கு அந்தச் சத்தம் புதிதில்லை. நெல்மூட்டையோடு வாய்க்கால் கட்டால் இறங்கும்போது எங்கள் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் போடுகிற அதே சத்தம்.

"தம்பி, கட்டால இறங்கேக்க லாண்ட்மாஸ்டரை எந்தக் கியரில விடுவம்?"

"முதலாம் கியரில..." என்றவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இதிலயும் எல் எண்டு ஒரு கியர் கிடக்கு மாமா. ஒருநாளும் போட்டதில்லை."

எங்கே போடுவது? கிளிநொச்சியிலிருந்து வவுனியாவரை அதற்கு வேலையே இல்லை.

எனக்கு விளங்கினதை எழுதுகிறேன். எங்கள் காரில் இருந்த குறூஸுக்குத் தெரிந்தது பெற்றோலைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும்தான். பெற்றோலை முழுக்க அடைத்தாலும் இறக்கத்தில் காரின் பாரமே காரைத் தள்ளும். அதைக் குறூஸால் பிடிக்க முடியாது. எல் மாதிரிக் குறைந்த கியரில் விட்டால் எஞ்சினே உறுமிக்கொண்டு இழுத்துப் பிடிக்கும், பிறேக் இடைக்கிடை போதும். சில புதுக் கார்கள் தாங்களே பிறேக் பிடிக்குமாம். ஆனாலும் வளைவும் சரிவுமான றோட்டில் குறூஸ் போடவே கூடாது என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறதாம். கஜன் பிறகு வாசித்துவிட்டுச் சொன்னான்.

சூடு ஆறுமட்டும் இருந்தோம். தண்ணீர் ஊற்றுவோமா என்று கேட்டேன், கொதிக்கிற இரும்பு வெடித்துவிடும் என்று தடுத்தான். அதற்குள் மேலே போகிற பஸ்ஸும் வந்து நின்றது. கஜன் றோட்டைக் கடந்து ஓடினான்.

"பெரியம்மா, அடுத்த வளைவுமட்டும் வாங்கோ. சத்தம் கேக்காட்டி நானே திருப்பிக் கொண்டுவந்து வீட்டில விடுறன்."

அக்கா பஸ்ஸைப் பார்த்தார், சரசுவைப் பார்த்தார். கொண்டக்டர் இரண்டுதரம் கூப்பிட்டுவிட்டு மணியை அடித்தார். பஸ் போய்விட்டது.

எல் கியரில் கார் உறுமிக்கொண்டு இறங்கியது. முள் முப்பதைத் தாண்டவில்லை. அடுத்த வளைவு வந்தது, கழிந்தது. "பெரியம்மா, இறங்கப்போறீங்களோ?" என்று கேட்டான் கஜன்.

"எறக்கத்துல பேச்சுக் குடுக்காம ஓட்டுங்க மாப்ள."

புசல்லாவை வருவதற்குள் பை மடியிலிருந்து காலடிக்குப் போயிருந்தது. சரசு என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள்.

பொழுதுபட்ட பிறகு முறிகண்டிக்கு வந்தோம். எல்லாரும் ஏன் இங்கே நிற்கிறார்கள் என்று அக்கா கேட்டார். போகும்போது காப்பாற்றச் சொல்லி, வரும்போது காப்பாற்றினதுக்கு என்று சரசு சொன்னாள். இந்தமுறை தேங்காயை அக்காவே உடைத்தார். பிறகு சுற்றிவரப் பார்த்தார். அவருடைய ஊரில் இருட்டினால் வெளிச்சங்கள் மேலேயும் கீழேயும் தெரியும். இங்கே எல்லாம் ஒரே மட்டத்தில். "விழுறதுக்கு எடமே இல்லியே" என்றார். அன்றைக்கு வந்தவர் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை விளக்கை இப்போது அக்காதான் ஏற்றுகிறார்.

மட்டமான றோட்டில் ஓடிப் பழகி மலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். கூட்டிக் குறைக்காமல், அழகுபடுத்தாமல், நான் எழுதினபடியே சொல்லுங்கள். கஜனின் பெயரையும் நீக்கவேண்டாம். அது அவனுடைய விருப்பம்.