ஐஸ் உருகும்வரை வாய் திறக்காத டீச்சர்

இன்று தரம் ஏழில் இருபது நிமிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை!

(வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.)

போன மாதம் முசலிப் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளிக்கு விஞ்ஞான ஆலோசகர் சேர் வந்து என் பாடத்தைப் பார்த்தார். போகும்போது, "டீச்சர், முழுப் பாடமும் நீங்கள்தான் கதைச்சீங்கள். பிள்ளையள் எப்ப கதைக்கிறது?" என்று கேட்டார்.

வெட்கமாகப் போய்விட்டது. இன்று மறுபடியும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே ஒரு சின்ன வேலை தயார் செய்தேன்.

இரண்டு யோகட் கப். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் நன்றாக உப்புக் கரைத்த தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு ஐஸ் கட்டி. எது முதலில் உருகும்?

கையை உயர்த்தச் சொன்னால் எல்லோரும் வகுப்பில் முதலாம் பிள்ளையான றிஃப்காவின் கையைத்தான் பார்ப்பார்கள். அதனால், கண்ணை மூடிக்கொண்டு விரல் காட்டச் சொன்னேன். நல்ல தண்ணீருக்கு ஒன்று, உப்புத் தண்ணீருக்கு இரண்டு.

எங்கும் இரண்டு விரல்! கடைசி வாங்கில் இருந்த ஹஸ்னா மட்டும் ஒன்று.

(ஆலோசகர் சேரும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காட்டினார். நான் பார்த்தேன்!)

விரலை மடக்காமல் கண்ணைத் திறக்கச் சொன்னேன்; எல்லோரும் ஹஸ்னாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வாயில் ஒரு டொஃபியைப் போட்டுக்கொண்டேன். வேறு வழியில் என் வாய் அடங்காது.

நல்ல தண்ணீரில் கிடந்த கட்டிதான் முதலில் காணாமல் போனது.

"டீச்சர், ஏமாத்திட்டீங்க! சின்னக் கட்டி போட்டிருக்கீங்க!" றிஃப்கா சண்டைக்கே வந்துவிட்டாள். அவளே கட்டிகளைத் தெரிவுசெய்து மறுபடி போட்டாள். அதே முடிவு!

ஹஸ்னா உப்புத் தண்ணீருக்குள் விரலை விட்டாள். "இங்க மேல மட்டும்தான் குளிருது. கீழ குளிரே இல்ல. உருகின தண்ணி இறங்காம மேலயே நிக்குது போல."

"அது தெரிஞ்சோ ஒரு விரல் காட்டின நீ?" என்று றிஃப்கா கேட்டாள்.

"இல்லடி, சும்மா காட்டினனான். இப்பதான் தெரியுது!"

உடனே மற்றக் கப்புக்குள் நாலைந்து விரல்கள். "இதில அடியும் குளிருது!"

நான் டொஃபியைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆலோசகர் சேருக்குத்தான் பொறுக்க முடியவில்லை. "பிள்ளையள், இதுக்குக் காரணம் என்னெண்டால்..."

"சேர், கொஞ்சம் பொறுங்கோ! நாங்க இன்னும் யோசிச்சு முடியல்ல!" என்றாள் றிஃப்கா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

போகும்போது சேர் என் பாடத்தை மதிப்பிட்ட படிவத்தை நீட்டினார். 'ஆசிரியரின் விளக்கம்' என்ற இடத்தில் எழுதியிருந்தது:

"கேட்கக் கிடைக்கவில்லை. மிக நன்று!"