மாத்திரை சாப்பிடும் கிரேன் ஆபரேட்டர்

அமெரிக்காவில் ஏதோ ஒரு பேங்க் குப்புற விழுந்ததற்கும் ஆரம்பாக்கத்து அரசப்பனுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், கும்மிடிப்பூண்டி டீக்கடை மொத்தமும் சிரித்திருக்கும். இரண்டாயிரத்து எட்டு தீபாவளி போனது, சிரிப்பும் போனது. இரும்பு மில்லில் மூன்று ஷிப்ட் இரண்டானது, இரண்டு ஒன்றானது. காண்டிராக்ட் ஆட்களைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். பொங்கலுக்கு அப்புறம் பெர்மனென்ட் ஆட்களையும் வீட்டுக்கு அனுப்ப லிஸ்ட் வரும் என்று பேச்சு. யார் கிளப்பினதோ, அந்தப் பாவி நன்றாக இருக்கட்டும். அரசப்பனுக்குச் சோறு இறங்காமல் போனது அன்றிலிருந்துதான்.

அரசப்பன் ஓவர்ஹெட் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பதடி உயரத்தில், கூரைக்குக் கீழே ஒரு கேபின். பதினெட்டு வருஷமாக அதுதான் அவர் உட்காரும் இடம். அங்கிருந்து கொக்கியை இறக்கினால் கீழே தூசி எழும்பாது. ஊரில் அவர் பெயரே கிரேன்காரர். அவர் மனைவி திலகவதி ரேஷன் கடைக்குப் போனால், "கிரேன்காரர் ஊட்டம்மா வந்துக்கினு கீது, வழி உடு" என்பார்கள். அந்த ஸீட்டை எடுத்துவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று அவர் யோசித்ததே இல்லை. அந்த வருஷம்தான் யோசித்தார், அதையே ராத்திரி பகலாக யோசித்தார்.

மார்கழியில் ஒரு நாள் நாலு டன் இரும்புக் கட்டைகளைத் தூக்கிப் பாதி வழி வந்திருப்பார். நெஞ்சைப் பிடித்து யாரோ முறுக்குவது மாதிரி இருந்தது. விரல் மரத்தது, முதுகெல்லாம் வேர்வை. செத்தோம் என்றே நினைத்தார். கீழே நின்று விசில் கொடுக்கும் சிக்னல்காரன் கோபால் ஊதிக்கொண்டே இருக்கிறான். பத்து நிமிஷம் கழித்துத்தான் லோடை இறக்கினார். ஈசிஜி எடுத்தார்கள், சுத்தம். வயிற்றில் கேஸ் என்று மருந்து கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மூன்று தடவை வந்தது. கேஸாம், மண்ணாங்கட்டி!

கோபாலும் ஆரம்பாக்கம்தான். பதினாலு வருஷமாக அந்தக் கொக்கிக்கு அடியில் நிற்கிறவன். அண்ணே அண்ணே என்று உயிரை விடுவான்.

"எதையோ பாத்து பயந்துகினு கீற அண்ணே. வா, பழவேற்காட்டுல பாய் ஒருத்தர் கீறாரு. ஓதி தாயத்து கட்டுனா செரியாப் பூடும்" என்று அவனே பைக்கில் உட்கார வைத்து அழைத்துப் போனான்.

அந்தப் பக்கத்தில் பயந்த பிள்ளைகளையும், பால் குடிக்காத குழந்தைகளையும், எந்தச் சாமி கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் அப்துல் கனி பாயிடம்தான் கொண்டுபோவார்கள். அவர் ஓதி, முகத்தில் தண்ணீர் தெளித்து, கறுப்புக் கயிற்றில் தாயத்துக் கட்டினார். மறுநாள் மில் மொத்தமும் பார்த்தது. "இன்னா கிரேன்காரரே, மோகினி புடிச்சிச்சா?" என்று கிண்டல் செய்தார்கள். ஃபோர்மேன் பாக்கியநாதன் அருகில் வந்து, "சர்ச்சுல உனக்காகவும் ஜெபம் பண்ணச் சொல்றேன்யா" என்றார். தாயத்துக் கட்டியவன் நாலு டன்னைத் தலைக்கு மேல் தொங்கவிடலாமா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. கைகால் நடுங்க நடுங்க அவர் மேலே ஏறினார், இறங்கினார்.

நாலாவது வாரம் பாயே கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இத பாரு அரசப்பா, நான் ஓதறத ஓதிட்டேன். இது எங்கிட்ட தீர்ற சமாச்சாரமாத் தெரியல. கயிறு கையிலயே இருக்கட்டும், நீ மனசுக்குப் பாக்குற டாக்டர்கிட்ட போ. திருவள்ளூர்ல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு."

கும்மிடிப்பூண்டியில் பார்த்தால் ஊர் பேசும். திருவள்ளூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், தெரிந்த முகம் இருக்காது. அவருக்கு வாராந்திர விடுமுறை புதன்கிழமை. திலகவதி மட்டும் கூடவே போனாள். டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். பக்கத்து அறையில் கவுன்சலிங் கொடுக்க விக்டோரியா என்று ஒரு பெண். மருந்து கிடையாது, பேச்சு மட்டும்தான். பேசினால் வியாதி போகுமா என்று அரசப்பனுக்கு முதல் வாரம் எரிச்சலாகவே இருந்தது.

"அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுது அண்ணே? கீழ இருக்கிறவங்க மேல விழுந்துடும்னா?" என்று மூன்றாவது வாரம் விக்டோரியா கேட்டாள்.

"அது இல்ல மேடம். ஒரு நாளு என்னை எறங்கச் சொல்லிடுவாங்களோன்னுதான்."

சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது மனிதர், பெண்பிள்ளை முன்னால் சட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வெட்கமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது. மூச்சை எப்படி இழுத்து விடுவது, பயம் வரும்போது அதை எதிர்த்து மல்லுக்கட்டாமல் எப்படி உட்கார்ந்திருப்பது என்று அவள் சொல்லித் தந்தாள். எட்டாவது வாரம் பங்குனியில், ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தவர் ஆறு மணிக்குத்தான் எழுந்தார். திலகவதி இரண்டு தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம்.

அந்தச் சந்தோஷம்தான் அவரைக் கெடுத்தது. நல்ல சேதியை மறைத்து வைக்கத் தெரியாத மனுஷன். மறுநாள் நாஷ்டா நேரத்தில் கோபாலின் தோளில் கை போட்டார்.

"கோபாலு, நீ அன்னிக்கு இட்டுனு போனியே, அதான் ஆரம்பம். பாய் டாக்டராண்ட போகச் சொன்னாரு. இப்ப மாத்திரை சாப்புடறேன். ரெண்டு மாசமாச்சு. பயம் சுத்தமா இல்ல."

கோபால் இட்லியைப் பிட்டவன் அப்படியே வைத்துவிட்டான். "எந்த டாக்டரு? மென்ட்டல் டாக்டரா?"

"மென்ட்டல்லாம் இல்லடா. டென்ஷனுக்கு."

"மாத்திரை துன்னுட்டா மேல ஏறுற?"

தாயத்துக்குக் கூட வந்தவன் இதற்கும் கூட வருவான் என்று அரசப்பன் நம்பியிருந்தார். கோபால் அன்று விசிலைத் தள்ளி நின்று ஊதினான். லோடு வரும்போது தலையை அண்ணாந்து பார்த்தான். பதினாலு வருஷத்தில் அவன் அண்ணாந்து பார்த்ததே கிடையாது.

மூன்றாம் நாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"நான்தான் ஃபோர்மேன்கிட்ட சொன்னேன் அண்ணே. வேற யாரையும் சந்தேகப்படாத. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது. உனுக்கு மேல தல சுத்துச்சின்னா, கீழ நான்தானே நிக்கிறேன்."

அரசப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவன் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது? உட்காரச் சொன்னார். அவன் உட்காராமல் போய்விட்டான்.

மில்லுக்கு இதைவிட என்ன வேண்டும்? லிஸ்டில் யார் பெயரைப் போடுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு பெயர் தானாக வந்து மடியில் விழுந்தது. பாக்கியநாதன் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை நீட்டினார். உடல்நிலை காரணமாகத் தகுதியில்லை என்று டைப் அடித்திருந்தது. கை நடுங்கின மாதங்களில் ஓட்டவிட்டார்கள், நடுக்கம் நின்ற மாதத்தில் இறக்கிவிட்டார்கள். என்ன நியாயமோ, யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த புதன்கிழமை அவர் தனியாகத்தான் திருவள்ளூர் போனார். எல்லாவற்றையும் விக்டோரியாவிடம் கொட்டிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தார். அறைக்குள் நுழைவதற்குள் அவளே எழுந்து வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன் அண்ணே. வெளிய ஒருத்தங்க இருக்காங்க, சாராள்னு. கவரைப்பேட்டையில ஒரு கம்பெனியில பேக்கிங் பண்றாங்க. அங்கயும் ஆளைக் குறைக்கிறாங்களாம். உங்களை மாதிரியேதான் நெஞ்சு அடைக்குதாம். நான் சொன்னா நம்பல, எந்திரிச்சுப் போறேங்கறாங்க. வேலையும் பாத்துகிட்டு குணமாயிருக்கீங்க நீங்க. ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

அரசப்பன் தலையாட்டினார். கொட்ட வந்ததைக் கொட்டாமலே வெளியே பெஞ்சுக்குப் போனார்.

சாராளுக்கும் அவர் வயதுதான் இருக்கும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஓரமாக உட்கார்ந்தார்.

"மெய்யாலுமே செரியாவுமா அண்ணே?"

"ஆவும்மா. எனுக்கு ஆச்சு."

"கம்பெனில சொல்லிடலாம்னு கீறேன். வாரா வாரம் பொய் சொல்லி லீவு கேக்க வரல. எங்க சூப்பர்வைசரு நல்ல மாதிரி."

அவர் விக்டோரியாவின் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"மாத்திரைய வுடாத. இங்க வர்றத வுடாத. இந்தப் பொண்ணு கேக்கறதுக்கெல்லாம் உள்ளது உள்ளபடி சொல்லு" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "கம்பெனில மட்டும் வாயத் தொறக்காத. நல்ல மாதிரியா இருக்கறவங்கிட்ட தொறக்கவே தொறக்காத."

 சாராள் சரி என்று தலையசைத்தாள்.

விக்டோரியா கதவோரம் வந்து நின்றாள். "என்ன அண்ணே சொன்னீங்க?"

"செரியாப் பூடும்னு சொன்னேன் மேடம்" என்றார் அரசப்பன்.

"உங்களுக்கு வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"போவுது மேடம்."

விக்டோரியாவிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.