இன்னும் ஒருத்தர் வரணும்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் ரெமேதியோஸ் கதை கட்டுகிற ஆள் இல்லை. கிரனாதாவில் பத்தொன்பது வருடமாக அவளும் நானும் ஒரே வேலைதான் பார்க்கிறோம். அல்ஹாம்ப்ரா அரண்மனைக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிற வேலை. நடந்ததை என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. நேரமெல்லாம் அவளுடைய குறிப்பு நோட்டில் இருக்கிறது. நானே பார்த்தேன்.

போன ஜனவரி பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை.

அவளுடைய கணவன் ஹசிந்தோ செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவனும் எங்கள் தொழில்தான். நவம்பரில் ஏழு பேரைத் தன் சொந்த வேனில் ஏற்றிக்கொண்டு அல்புஹாரா மலை கிராமங்களுக்குப் போனான். இரண்டு நாள் பயணம். முதல் நாள் மலை, மறுநாள் அரண்மனை. மலையிலிருந்து இறங்கும்போது மழை, பனிமூட்டம். ஒரு வளைவில் வேன் பள்ளத்தில் உருண்டது. அவனும் ஆறு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். ஒரு கிழவி மட்டும் பிழைத்தாள். பேப்பரில் அவள் பெயரைக்கூடப் போடவில்லை.

ரெமேதியோஸை, நாங்கள் ரெமே என்று கூப்பிடுகிறவளை, அரித்தது ஒன்றுதான். இருபத்திரண்டு வருடம் பேசிப் பேசியே சம்பாதித்தவன் அவன். வாயைத் திறந்தால் மூடமாட்டான். ஆனால் அவன் குரல் ஒரு விநாடிகூட எங்கும் பதிவாகவில்லை. போனில் தேடினாள். சிநேகிதர்களிடம் கேட்டாள். என்னிடமும் கேட்டாள். போட்டோதான் இருந்தது.

"ஒரே ஒரு தடவை கேட்டா போதும். அப்புறம் நான் சும்மா இருந்துடுவேன்" என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவள் பெயர் ஒப்துலியா. வயது எழுபத்தொன்று. வடக்கே வல்லதோலித் ஊர்க்காரி. தனியாக வந்திருந்தாள். தன் ஒருத்திக்கு மட்டும் சுற்றிக் காட்டவேண்டும் என்று முந்தின வாரமே போனில் சொல்லியிருந்தாள். வலது காது கேட்காது என்பதால் மைக்கும் காதுக்கருவியும் கேட்டிருந்தாள்.

ரெமே மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டாள். கருவியில் தன் மைக்கின் அலைவரிசையான மூன்றாம் எண்ணை வைத்து ஒப்துலியாவின் இடது காதில் மாட்டிவிட்டாள்.

"கேக்குதாம்மா?"

"நல்லாக் கேக்குது. கத்தாத, நான் அவ்வளவு செவிடு இல்ல."

மூன்று முப்பதுக்கு உள்ளே போனார்கள். நல்ல வெயில். மூன்று வாரமாக ஊரில் மழையே இல்லை. கூட்டமும் குறைவு.

மூன்று ஐம்பது. நீள்குளம் இருக்கிற முற்றம். கோபுரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரிவதைக் காட்டி, அதைக் கட்டிய சுல்தானைப் பற்றி ரெமே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒப்துலியா கலகலவென்று சிரித்தாள்.

"என்னம்மா?"

"சிங்கம் பன்னிரண்டும் சைவம், பயப்படாம வாங்கன்னு காதுல கேட்டுச்சே... அதுக்குத்தான்."

ரெமே அப்படிச் சொல்லவில்லை. பன்னிரண்டு கல்சிங்கங்கள் நிற்கிற சிங்க முற்றம் இன்னும் வரவே இல்லை.

அது ஹசிந்தோவின் ஜோக். அவன் மட்டும்தான் சொல்வான். மற்ற வழிகாட்டிகள் நாங்களெல்லாம் அவனை அதற்காகக் கிண்டல் செய்வோம்.

யாரோ அந்த ஜோக்கைத் திருடிவிட்டார்கள் போலிருக்கிறது, வேறு குழுவின் பேச்சு இதில் விழுகிறது என்று நினைத்தாள். கருவியை வாங்கிப் பார்த்தாள்.

எண் மூன்றில் இல்லை. பதினாலில் இருந்தது.

ஹசிந்தோ எப்போதும் பதினாலில்தான் பேசுவான்.

மூன்றுக்கு மாற்றிக் கொடுத்தாள்.

நான்கு ஐந்து. தூதுவர் மண்டபம். மேல்கூரையின் மரவேலையைப் பார்க்கச் சொன்னாள். ஒப்துலியா மேலே பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோட வேலை பாக்குறவரு நல்லாப் பேசுறாரும்மா. ஆனா நமக்கு ஒரு மண்டபம் முன்னாடியே போயிடுறாரு."

"என்னோட யாரும் வரல."

"அப்ப இது யாரு?"

ரெமே கருவியைப் பார்த்தாள்.

பதினாலு.

அப்போதுதான் தரையைக் கவனித்தாள். வெள்ளைப் பளிங்கில் ஈரக் கால்தடங்கள். பெரிய மலைச்செருப்புத் தடங்கள். ஒரு ஆளுடையது அல்ல. பல பேருடையது. மண்டபத்தைச் சுற்றிவிட்டு, சிங்க முற்றம் இருக்கிற திசையில் போயிருந்தன.

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அம்மா, திரும்பிப் போயிடலாம். எனக்கு உடம்பு சரியில்ல."

ஒப்துலியா அசையவில்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். தண்ணீரில் ஊறிக் காய்ந்த தாள்.

"இதுலதான் உன் வீட்டு போன் நம்பர் இருந்துச்சு."

ஹசிந்தோவின் பயணத் தாள். நவம்பர் பதினொன்று, மலை. நவம்பர் பன்னிரண்டு, அரண்மனை.

ரெமேவுக்குப் புரிந்துவிட்டது. பிழைத்த கிழவி இவள்தான்.

"அவரு உன் வீட்டுக்காரரான்னு எனக்கு நிச்சயமாத் தெரியல. கேக்கவும் வாய் வரல" என்றாள் ஒப்துலியா. "நல்ல மனுசன். வேன் உருளும்போது கூட, கெட்டியாப் பிடிச்சுக்குங்கன்னு எங்களுக்குத்தான் சொன்னாரு. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லம்மா. ஏன் நான் மட்டும்னு தெரியல."



"இந்தா. நீ கேளு" என்று கிழவி கருவியைக் கழற்றி நீட்டினாள்.

அந்த இடத்தில் அவள் அதை வாங்கியிருக்கக் கூடாது. கிழவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கவேண்டும். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

வாங்கினாள். காதில் வைத்தாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

பிறகு...

"...வாங்க, வாங்க, ஒட்டி வாங்க. தண்ணி விழுற சத்தம் கேக்குதா? அதுதான் சிங்க முற்றம்..."

அவன்தான்.

தொண்டையைச் செருமிக்கொள்வது. வாக்கியத்தின் கடைசியில் மூச்சு வாங்குவது. எல்லாம் அவன்தான்.

ரெமே சட்டையில் குத்தியிருந்த மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஹசிந்தோ. நான்தான். ரெமே."

"...இங்க கொஞ்சம் வழுக்கும், பாத்து..."

"நான் பேசுறது கேக்குதா?"

"...போட்டோ எடுக்குறவங்க சீக்கிரம் எடுத்துக்குங்க..."

நான்கு பதினெட்டு.

குரலைத் தொடர்ந்து போனாள். சிங்க முற்றத்துக்கு வந்தாள். அங்கே ஒரு ஜப்பானியத் தம்பதி மட்டும் நின்றிருந்தார்கள். குரல் அதற்குள் இரு சகோதரியர் மண்டபத்துக்குப் போயிருந்தது. அங்கே போனாள். குரல் அடுத்த இடைவழியில் இருந்தது.

எப்போதும் ஒரு அறை முன்னால்.

"ஹசிந்தோ, ஒரு தடவை என் பேரைச் சொல்லு. போதும். ஒரே தடவை."

ஸ்ஸ்ஸ்...

"...எல்லாரும் இருக்காங்களா? எண்ணிடறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அவன் எண்ணும்போது பின்னால் வேறு சத்தங்களும் கேட்டன. இருமல். செருப்பு தேய்கிற சத்தம். சொட்... சொட்... என்று துணியிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம்.

"...அஞ்சு... ஆறு..."

நிறுத்தினான்.

"...இன்னும் ஒருத்தர் வரணும். நிப்போம். அவங்க வராமப் போகமாட்டோம்."

ரெமே திரும்பிப் பார்த்தாள்.

ஒப்துலியா பக்கத்தில் இல்லை.

சிங்க முற்றத்திலும் இல்லை.

நான்கு முப்பத்தொன்று.

ஓடினாள். கூப்பிட்டாள். அவள் குரல் மண்டபத்தின் கூரையில் மோதித் திரும்பி வந்தது. காதுக்கருவியை எடுத்து எறிந்திருக்கலாம். எறியவில்லை. எடுத்துவிட்டால் அவனும் போய்விடுவான்.

காதில் அவன்.

"...அதோ வந்துட்டாங்க..."

"வேண்டாம் ஹசிந்தோ. அவங்கள விடு."

"...மெதுவா வாங்கம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல..."

"விடு. கெஞ்சிக் கேக்குறேன்..."

"...ஏழு."

பெருமூச்சு.

"...சரி. எல்லாரும் ஆச்சு. போலாம்."

டக்.

அவ்வளவுதான்.

ஸ்ஸ்ஸ்... கூட இல்லை.

நான்கு முப்பத்தாறு.

லிந்தராஹா தோட்டத்துக் கல்பெஞ்சில் ஒப்துலியா உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில். கண் திறந்திருந்தது. முகத்தில் பயம் எதுவும் இல்லை. ரெமே தோளைத் தொட்டாள்.

கோட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். எழுபத்தொரு வயது, ஏற்கெனவே விபத்தில் அடிபட்ட உடம்பு. யாரும் எதுவும் கேட்கவில்லை. கோட்டு எப்படி நனைந்தது என்பதற்கு, நீரூற்றுப் பக்கம் போயிருப்பாள் என்றார்கள்.

தோட்டத்து வாசலில் அன்று காவலுக்கு இருந்தவன் பௌலினோ. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஹசிந்தோவை அவன் பார்த்ததே கிடையாது.

"அந்த அம்மா தனியாப் போகலயே" என்றான். "ஒரு குழுவோட கடைசியில போனாங்க. ஆறேழு பேரு. எல்லாரும் தொப்பலா நனைஞ்சு. தரையெல்லாம் ஈரமாகுதுன்னு கூட்டிட்டு வந்த ஆளுகிட்ட சத்தம் போட்டேன். மன்னிச்சுக்குங்க, நாங்க இப்பக் கிளம்பிடுவோம்னாரு."

ரெமே மறுநாள் அதே கருவியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு மறுநாளும். பதினாலில் வைத்துக்கொண்டு மண்டபம் மண்டபமாக நடந்தாள். மூடுகிற நேரம் வரை நடந்தாள். நானும் ஒரு நாள் கூடப் போனேன். ஒன்றும் இல்லை. வெறும் அமைதி.

"இருபத்திரண்டு வருசம் கூட இருந்தேன். அவங்க ஒரு நாள் வேன்ல வந்தவங்க" என்றாள். "அவங்களுக்காக ரெண்டு மாசம் நின்னிருக்கான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல."



பத்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் வீட்டுப் போன் அடித்தது. ஒப்துலியாவின் மகள். நீவெஸ் என்று பெயர்.

"அம்மாவோட கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தீங்க. நன்றி சொல்லணும்னு நினைச்சேன். உங்க ஆபீஸ்ல இருக்குறவரும் ரொம்பத் தன்மையாப் பேசுறாரு."

"எனக்கு ஆபீஸே கிடையாதும்மா. யாரு பேசுனது?"

"டிசம்பர்ல அம்மாவுக்கு போன் பண்ணாரே? உங்க பயணத்துல ரெண்டாம் நாள், அரண்மனை, அப்படியே நிக்குது, எப்ப வர்றீங்கன்னு கேட்டாரு. அதனாலதானே அம்மா கிளம்பிப் போனாங்க."

ரெமே போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நேத்து எனக்கும் பண்ணாரு" என்றாள் நீவெஸ். "நவம்பர் பயணத்துக்கு அம்மாவோட நானும் பேர் குடுத்திருந்தேன். காய்ச்சல்னு கடைசியில போகல. அதை ஞாபகம் வச்சிருக்காரு பாருங்க. அம்மா உக்காந்த இடத்தைக் காட்டறேன், வாங்கன்னாரு."

"வராதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. வராதீங்க."

"ரயில்லதான் இருக்கேன். லோஹா ஸ்டேஷன் இப்பத்தான் தாண்டுச்சு. ஏன், என்ன ஆச்சு?"

அடுத்த ஸ்டேஷன் கிரனாதாதான். அந்தப் பெண்ணை அதட்டி, அழுது, எதையாவது சொல்லி, இறங்கியதும் அடுத்த ரயிலிலேயே திருப்பி அனுப்பப் பார்த்திருக்கவேண்டும். ரெமே வாயில் வந்தது வேறு.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"இல்லையே. நீங்க அவருக்கு யாரு?"

அதற்குள் லைன் அறுந்தது.

ரெமே செருப்புக்கூடச் சரியாகப் போடாமல் ஸ்டேஷனுக்கு ஓடினாள். ஒன்று இருபத்தைந்துக்கு ரயில் வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பிளாட்பாரம் காலியாகும் வரை நின்றாள். பிறகு ஊழியர்கள் பெட்டிக்குள் ஏறிப் பார்த்தார்கள்.

ஏழாவது பெட்டியில், ஜன்னலோர சீட்டில் நீவெஸின் கோட்டு இருந்தது. பை இருந்தது. போன் இருந்தது.

சீட்டு ஈரமாக இருந்தது.

லோஹாவுக்கும் கிரனாதாவுக்கும் நடுவில் அந்த ரயில் எங்கும் நிற்பதில்லை. போலீஸ் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது.