வித்தியாதரிசிக்கு வேலியடைத்தோம்

பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது சுகமான வேலை. படிப்பிக்கிறோம் என்று மேலிடத்துக்குக் காட்டுவதுதான் முதுகை முறிக்கிற வேலை. பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற வித்தியாதரிசி வருகிறார் என்ற சொல் காதில் விழுந்ததும் துடைத்த கரும்பலகையை மறுபடியும் துடைக்கிற என் சக உபாத்தியாயினிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் பள்ளிக்கூடம் கொடிகாமத்துக்கு அப்பால், வயற்கரையில் ஒரு நீளக் கொட்டில். ஓலைக்கூரை, இடுப்பளவு மண்சுவர். ஊரவர்கள் தாங்களாகவே கட்டித் தாங்களாகவே நடத்தினார்கள். தலைமை தம்பிமுத்து வாத்தியார். கீழ்வகுப்புகள் என் பொறுப்பு. நானும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான்; ஆனா ஆவன்னாவும் கூட்டல் கழித்தலும் தையலும் என்னால் முடியும், அதற்கு மேலே உள்ளது வாத்தியார் பாடு.

அரசாங்கத்தில் பதிவானால்தான் உதவிப்பணம் வரும். இந்த முறையும் பதிவு கிடைக்காவிட்டால் தைப்பொங்கலோடு கொட்டிலைப் பூட்டிவிடுவது என்று ஊரில் பேச்சாகிவிட்டது. பூட்டினால் பிள்ளைகள் வயல்வெளியைக் கடந்து அடுத்த ஊருக்குப் போகவேண்டும். மாரியில் அந்த வெளி முழுக்கத் தண்ணீர். பெரிய பெடியன்கள் எப்படியோ போய்விடுவார்கள். சின்னதுகளும் பெண்பிள்ளைகளும் வீட்டில் நின்றுவிடும். என் மூத்தவள் அப்போதுதான் மணலில் ‘அ’ எழுதி, அதற்கு வால் எந்தப் பக்கம் என்று என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஆகவே மேலிடம் எதைக் கேட்டாலும் செய்வது என்று நாங்கள் கச்சை கட்டிக்கொண்டு நின்றோம்.

பத்து வருஷம் கழித்து

முதலில் கேட்டது ஒரு திட்டம். இன்னும் பத்து வருஷத்தில் இந்தப் பள்ளிக்கூடம் எந்த நிலையில் இருக்கும் என்று மனேச்சர் எழுதித் தரவேண்டுமாம். எங்கள் மனேச்சர் சின்னத்தம்பியர் பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தவர், புகையிலைத் தோட்டக்காரர். அவருக்குக் காலம் என்றால் ஒரு போகம். “வாற மழை வருமோ வராதோ எண்டே எனக்குத் தெரியாது. பத்து வருஷத்தை ஆர் கண்டது?” என்று சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு எழும்பப் பார்த்தார். வாத்தியார் விடவில்லை. ஊரிலுள்ள தகப்பன்மார் மூன்று பேரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளின் வாங்குப் பலகைகளில் இருத்தினார்.

ஒருவர் கல்வீடு வேண்டும் என்றார். இன்னொருவர், தன் மகளுக்குப் பத்து வருஷத்தில் கலியாணம் முடிந்துவிடும், ஆனபடியால் தனக்கு இந்தப் பேச்சில் சம்பந்தம் இல்லை என்றார். மூன்றாமவர் நல்ல நித்திரை. வாத்தியார்தான் தனியே இருந்து, ஓட்டுக்கூரை, வாசிகசாலை, சங்கீத வகுப்பு, கிணறு என்று ஆசை தீர எழுதினார். எழுதியதை எழும்பி நின்று வாசித்தார்; சங்கீத வகுப்பை மட்டும் இரண்டுதரம் வாசித்தார். சின்னத்தம்பியர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: “எல்லாம் நல்லாய்த்தான் இருக்கு, வாத்தியார். உதிலை நாலு பலாக்கண்டு வைக்கிறமெண்டும் ஒரு வரி எழுதும். மற்றதுகள் வராட்டிலும் அதாவது காய்க்கும்.”

ஒத்திகை

பிள்ளைகள் பயந்து வாயடைத்துப் போகாமலிருக்க வாத்தியார் தாமே வித்தியாதரிசியாக வேஷம் போட்டார். யாரிடமோ இரவல் வாங்கிய கறுத்தக் கோட்டு; அதற்குள் அவரைப் போல இன்னொரு வாத்தியாரும் இருக்கலாம். அதை மாட்டிக்கொண்டு வெளியே போய், செருமிக்கொண்டு உள்ளே வருவார். பிள்ளைகள் எழும்பி “வந்தனம் ஐயா!” என்று ஒரே குரலில் சொல்லவேண்டும். ஒருவர் தொடங்கினால், யார் எந்த மூலையில் நின்றாலும் உடனே சேர்ந்துகொள்ளவேண்டும் என்பது என் கட்டளை. அதைத் தவிர வேறு சத்தமே வரக்கூடாது என்பது வாத்தியார் கட்டளை.

ஒரு கிழமையாக இதே கூத்து. ஒவ்வொரு நாளும் கோட்டோடு வந்து, பாலர் வகுப்புப் பிள்ளைகளிடம் பசுவுக்கு எத்தனை கால் என்று கேட்பார். ஒருநாள் அந்த வகுப்பு ராசனிடம் கேட்டார். அவன் எழும்பி நின்று, வாத்தியாரை மேலும் கீழும் இரக்கத்தோடு பார்த்துச் சொன்னான்: “நேற்றும் நாலுதான் வாத்தியார், இண்டைக்கும் நாலுதான்.”

ஏணை

கைக்குழந்தையோடு படிப்பிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை. என் சின்னவனுக்குக் கொட்டிலின் கூரை வளைமரத்தில் ஒரு பழைய சேலையால் ஏணை கட்டியிருந்தேன். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே காலால் ஏணைக்கயிற்றை இழுத்து ஆட்டுவேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் இன்றைக்கும் வாய்ப்பாடு சொன்னால் ஆடித்தான் சொல்லுவார்கள்.

“பிள்ளை, வித்தியாதரிசித் துரை வரேக்கை உந்த ஏணை தொங்கக்கூடாது” என்று வாத்தியார் சொல்லிவிட்டார். வீட்டில் வைத்திருக்க ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றுகிறவர். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவரிடம் சொன்னேன். அவர் சின்னவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். “இஞ்சாரும், இதுக்கே அழுறீர்? நான் கொண்டுபோறன். கொடிகாமத்துச் சந்தையிலை கத்துற ஆளைப் பதிவு இருக்கோ எண்டு ஒருத்தரும் கேக்காயினம்.”

வேலி

மேலிடம் கேட்டவற்றில் எங்கள் ஊருக்கு மிகவும் பிடித்தது வேலிதான். காணிக்கு எல்லை தெரியவேண்டும், முன்னால் திறந்து மூடப் படலை இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். திட்டம் எழுதக் கூப்பிட்டபோது நித்திரை கொண்டவர்கூட வேலி என்றதும் கத்தியும் கயிறுமாக வந்து நின்றார். எங்கள் பக்கத்து ஆட்களை உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனாலும் முதலில் வேலியைத்தான் பார்ப்பார்கள்.

துரை வருவதற்கு முதல்நாள் காலை சின்னத்தம்பியர் வகுப்பு வகுப்பாக வந்து, “நாளைக்குப் புது வேலி நிக்கும். ஆரும் அதிலை கை வைச்சால் தோலை உரிப்பன்” என்று எச்சரித்துவிட்டுப் போனார். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் வேலை தொடங்கியது. கதியால் கம்பு நட்டு, குறுக்கே வரிச்சுப் பிடித்து, தென்னோலையில் பின்னிய புதுக் கிடுகு கட்டி, பொழுது சாயுமுன் நாலு பக்கமும் அடைத்தாகிவிட்டது. பழைய வேலியில் ஆட்கள் குனிந்து நுழைகிற பொட்டு ஒன்று பின்பக்கம் இருந்தது. வேலியில் பொட்டு இருப்பது காணிக்காரருக்குக் கௌரவக் குறைவல்லவா? சின்னத்தம்பியர் அந்த இடத்துக்கு மட்டும் தன் கையாலேயே இரட்டைக் கிடுகு வைத்து இறுக்கினார். நாங்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து மெச்சினோம். நானும் மெச்சினேன். பின்காணிக்காரி அன்னமக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டிப் பார்த்துச் சொன்னா: “வலு திறம், ரீச்சர்! இனி ஒரு கோழிக்குஞ்சுகூட உள்ளை வராது.”

வந்தனம் ஐயா

விடிய நல்ல மழை. மழை விட்டும் விடாமலும் இருக்கிற நேரத்தில் மோட்டார்க்கார் படலையடியில் வந்து நின்றது. சின்னத்தம்பியர் தலைப்பாகையோடு படலையைத் திறந்து பிடிக்க, துரை குடையை மடக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் ஏறினார். ஏறினவர் அப்படியே நின்றார். வாங்குகள் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தன. றோட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் வந்திருந்தார்கள். “மழை ஐயா” என்றார் வாத்தியார். “மழையெண்டால் வராத பிள்ளையளுக்கு என்னத்துக்கு ஒரு பள்ளிக்கூடம்? அடுத்த ஊரிலை ஒண்டு இருக்குதுதானே” என்று சொல்லித் துரை கைமணிக்கூட்டைப் பார்த்தார். என் மூத்தவள் முன்வாங்கில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெள்ளத்தில் நடக்கிறதை நான் நினைத்துப் பார்த்தேன். வாத்தியார் வேறு வழி தெரியாமல் கையை உயர்த்தினார். இருந்த பிள்ளைகள் எழும்பி “வந்தனம் ஐயா!” என்றார்கள்.

உடனே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதைவிடப் பெரிய சத்தமாக, “வந்தனம் ஐயா!” என்று கேட்டது. துரை திரும்பினார். “வாத்தியார், வேலியும் உங்களிட்டைப் படிக்குதோ?” நாங்கள் பின்பக்கம் ஓடினோம். கிடுகு இடுக்கால் பார்த்தால், அன்னமக்காவின் முற்றத்தில் பின்பக்கத்துப் பிள்ளைகள் அத்தனையும் சிலேற்றைத் தலையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நனைந்தபடி நிற்கிறார்கள். “ஏன் மோனை அங்கை நிக்கிறியள்?” என்றேன். ராசன் பதில் சொன்னான்: “பொட்டைக் காணேல்லை ரீச்சர். சத்தம் போடவேண்டாமெண்டு வாத்தியார் சொன்னவர். வேலியைத் தொட்டால் தோலை உரிப்பனெண்டு மனேச்சர் சொன்னவர்.” பிள்ளைகள் சொல்வழி கேட்பதில்லை என்று குறைப்படுகிற சகோதரிகளே, கேட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

றோட்டால் சுற்றி வரச் சொல்லலாம். ஆனால் அந்த வழியில், குளக்கட்டடியில், வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது. துரை போகவேண்டிய பள்ளிக்கூடம் வேறு இருக்கிறது. எல்லோரும் சின்னத்தம்பியரைப் பார்த்தோம். ஒரு சாண் வேலிக்காக வழக்கு வைத்துச் சாவகச்சேரிக் கோட்டுக்கு வருஷக்கணக்காக நடந்த மனிதர் அவர். புதுக் கிடுகு இன்னும் நிறம்கூட மாறவில்லை. அதை ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு சால்வையை இடுப்பில் இறுக்கினார். “அன்னம், கத்தியை மேலாலை நீட்டு” என்றார். “ஐயோ, புது வேலியெல்லோ அப்பு!” என்றா அன்னமக்கா. “நீட்டெண்டுறன்!” இரட்டைக் கிடுகு இரண்டே வெட்டில் சரிந்தது. பிள்ளைகள் குனிந்து குனிந்து வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றும் நிமிர்ந்ததும் துரைக்கு ஒரு தனி வந்தனம் வேறு. துரை குடையை விரித்துப் பிடித்தபடி எண்ணிக்கொண்டே நின்றார். கடைசிப் பிள்ளையும் வந்தபின், “மனேச்சர், முன்னாலை வடிவான படலை ஒண்டு வைச்சிருக்கிறியளே?” என்று கேட்டார். சின்னத்தம்பியர் கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்: “அது உங்களுக்கு வைச்சது, ஐயா. பிள்ளையள் இதாலைதான் வாறவை.”

போகும்போது

துரை வாசிக்கச் சொன்னார், கணக்குக் கேட்டார், பெண்பிள்ளைகளின் தையலைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பசுவின் காலைப்பற்றி அவர் கேட்கவேயில்லை. ராசனுக்கு அது பெரிய மனவருத்தம். துரை இளநீர் குடித்துவிட்டுக் காருக்கு நடந்தார். நான் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். கார்க்கதவைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்: “பதிவுக்கு எழுதுறன், வாத்தியார். கட்டிடம் காணாது, வாங்கு காணாது. ஆனால் வெளியிலை நிண்டு நனைஞ்சும் வீட்டை போகாத பிள்ளையளை நான் எங்கை அனுப்ப? ஒண்டு செய்யுங்கோ, பின்னுக்கும் ஒரு படலை போடுங்கோ.”

வாத்தியார் அழுதுவிட்டார். நானும்தான். சின்னத்தம்பியர் மட்டும் பின்வேலிக்குப் போய் நின்று, வெட்டின இடத்தை முழம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமில்லையா என்று கேட்டேன். “சந்தோஷந்தான், பிள்ளை. படலையும் நாளைக்கே போடுவம். ஆனால் அன்னத்தின்ரை பக்கம் ஒரு விரல்கூட விடமாட்டன்.”

இப்போது எங்களுடையது பதிவு பெற்ற பள்ளிக்கூடம்: முன்படலையால் எப்போதாவது துரை வருகிறார், பின்படலையால் நாள்தோறும் பள்ளிக்கூடம் வருகிறது.