ஆர் அந்த வெள்ளைக்காரி?

அந்த வருசம் பரிசிலை எங்கடை ஆக்கள் கூடியிருந்த லா ஷப்பலிலை அந்தப் பாட்டுக் கேக்காத இடமே இல்லை. ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடின பிரெஞ்சுக் காதல் பாட்டு. அவர் ஒரு வரி, அவ ஒரு வரி, பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து உருகுவினம். பாண் வாங்கப் போனால் கடைக்குள்ளை அது. உடுப்புத் தோய்க்கப் போனால் அங்கையும் அது. ஞாயிறு மத்தியானம் ரேடியோவிலை அந்தக் கிழமைப் பாட்டுகளை வரிசைப்படுத்துவாங்கள். கிழமைக் கிழமை அதுதான் முதலாமிடம். எனக்கெண்டால் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அந்தச் சனியன் பிடிச்ச பாட்டு என்ரை தங்கச்சியின்ரை கலியாணத்தைக் குழப்ப வருமெண்டு ஆர் கண்டது?

ஊரிலை இருந்த தங்கச்சிக்கு மாப்பிள்ளையைப் பார்த்தது நான்தான். எங்கடை தெருவிலையே நாலு பெடியளோடை ஒரு அறையிலை இருந்தவர். ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவுற வேலை. மாதா கோயில் பாடகர் குழுவிலை பாடுவார். நாலு சொல் சேர்த்துக் கதைக்கமாட்டார், பாடச் சொன்னால் மட்டும் கூச்சமில்லாமல் பாடுவார். அந்தக் குரலுக்காகவே எனக்கு அவரைப் பிடிச்சுது. "நல்லாப் பாடுவார் அப்பா" எண்டு நானே பெருமையாச் சொல்லியும் விட்டன். என்ரை வாய் சும்மா கிடந்தால்தானே.

அந்த நாளையிலை எங்கடை ஆக்கள் கனபேர் கடிதம் எழுதாமல் கசெற்றிலைதான் கதைச்சு அனுப்புவினம். ஆராவது கொழும்புக்குப் போனால் கையிலை குடுத்துவிடுறது. அங்கை வீடே கூடியிருந்து கேக்கும். கலியாணம் பேசின பெட்டைக்கு அனுப்பினாலும் அப்பிடித்தான், அப்பர் முன்னுக்கு, பெரியம்மா பக்கத்திலை. அப்ப அப்பாவும் தங்கச்சியும் விசா அலுவலாக் கொழும்பிலை பெரியம்மா வீட்டிலை வந்து நிண்டவை. இவரும் வெக்கப்பட்டு வெக்கப்பட்டு ஒரு கசெற் கதைச்சு அனுப்பினார்.

அது போய்ச் சேர்ந்த உடனை அப்பா ரெலிபோன் எடுத்தார்.

"உன்ரை மாப்பிள்ளை ஒரு வெள்ளைக்காரியோடை குடித்தனம் நடத்துறார். தெரியுமோ உனக்கு?"

"என்ன அப்பா விசர்க்கதை?"

"விசர்க்கதையோ? 'சுகமா இருங்கோ' எண்டு சொல்லி முடிச்ச கையோடை அவளோடை சேர்ந்து பாடுறார். அவளும் கொஞ்சிக் கொஞ்சிப் பாடுறாள். எல்லாரும் இருந்து கேட்டனாங்கள். திங்கக்கிழமை ரெயில் கோச்சியிலை பிள்ளையைத் திருப்பி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

மாதாவே! சமைச்சது பாதியிலை கிடக்க மாப்பிள்ளையின்ரை அறைக்கு ஓடினன். கேட்டால் மனுசன் முழிக்கிறார். புதுக் கசெற் இல்லையெண்டு அறைக்காரப் பெடியன் ரேடியோவிலை பாட்டுப் பிடிச்சு வைச்ச கசெற்றிலைதான் கதைச்சிருக்கிறார். இவரின்ரை கதை முடிஞ்ச இடத்திலை, முந்திப் பிடிச்சு வைச்ச அந்த முதலாமிடப் பாட்டின்ரை மிச்சம் அப்பிடியே கிடந்திருக்கு.

"அட விசரா, கடைசிமட்டும் ஓடவிட்டுக் கேக்கேல்லையோ?"

"என்ரை குரலைக் கேக்க எனக்கே வெக்கமாக் கிடந்தது அக்கா" எண்டார். முகம் செத்துப் போச்சுது. "அவ என்ன நினைச்சிருப்பா?" எண்டு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். எனக்குக் கோவமெல்லாம் எங்கையோ போய்ப் பாவமாப் போச்சுது.

அப்பாவுக்கு விளங்கப்படுத்தினன். "பாட்டெண்டால் நடுவிலையிருந்தோ தொடங்கும்? நல்லாப் பாடுவாரெண்டு நீதானே சொன்னனி" எண்டு என்ரை தலையிலையே போட்டார். அப்பதான் எனக்கு ஒரு யோசினை வந்தது. ரேடியோவிலை முதலாமிடப் பாட்டைக் கடைசியிலை முழுசாப் போடுவாங்கள். அந்த நேரம் பார்த்து ரெலிபோன் எடுத்து, ரேடியோ பாடப் பாட இவரைக் கதைக்கவிட்டால், பாடுறவர் வேறை, இவர் வேறையெண்டு அப்பாவுக்கே தெரியும். ஞாயிறு உங்கடை பின்னேரம் ரெலிபோனடியிலை நில்லுங்கோ எண்டு அப்பாட்டைச் சொல்லி வைச்சன்.

ஞாயிறு வந்தது. இவர் கோட்டெல்லாம் போட்டு எங்கடை வீட்டிலை வந்து நிக்கிறார். தும்மலும் மூக்கடைப்புமா நல்ல தடிமன் வேறை. ரேடியோக்காரன் ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு வாறான். இரண்டாமிடம் எண்டு சொல்லிப்போட்டு அந்தப் பாட்டைப் போட்டான். இத்தனை கிழமை அசையாமல் இருந்த பாட்டு அண்டைக்குப் பார்த்துத்தான் இறங்கவேணுமோ! பாஞ்சு போய் நம்பரைச் சுழட்டினால் லைன் கிடைக்கேல்லை. திருப்பிச் சுழட்டினன், கிடைக்கேல்லை. ஒரு மாதிரிக் கிடைச்சபோது பாட்டு முடிஞ்சு, முதலாமிடத்துக்கு வந்த வேறை ஆரோ மேளத்தைப் போட்டு அடிச்சுக்கொண்டிருந்தான்.

"எங்கை பாட்டு?" எண்டார் அப்பா.

இவர் ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு என்ரை கையிலையிருந்து ரெலிபோனை வாங்கினார். "மாமா, நான்தான். நான் பாடுறன், கேளுங்கோ" எண்டார். நான் பக்கத்திலை காதை வைச்சன். தடிமன் குரலிலை, அரைகுறைப் பிரெஞ்சிலை, அந்த ஆணின்ரை வரியைப் பாடினார். கோயிலிலை பாடுற குரலின்ரை கால்வாசியும் இல்லை. அந்தப் பெண் தொடங்கவேண்டிய இடம் வந்ததும் நிப்பாட்டினார்.

"இது அந்தக் குரல் இல்லைத்தான்..." எண்டு அப்பா இழுத்தார். ஆரோ ரெலிபோனை வாங்கின மாதிரிக் கிடந்தது.

பிறகு அங்கையிருந்து மெல்லிசா ஒரு பெண்குரல் அடுத்த வரியை எடுத்தது. பிரெஞ்சு ஒரு சொல்லும் சரியில்லை, மெட்டு மட்டும் இம்மியும் பிசகேல்லை. என்ரை தங்கச்சி! அப்பா ஏசிக்கொண்டு திரிய, இவள் ஒருத்தருக்கும் தெரியாமல் அந்தக் கசெற்றைப் போட்டுப் போட்டுப் பாடமாக்கியிருக்கிறாள். ஒரு நாளும் அவரைச் சந்தேகப்படேல்லை என்ரை செல்லம். "அப்ப இது பாட்டுத்தானோ?" எண்டு அப்பா பின்னாலை குரல் இறங்கிக் கேட்டார். அதோடை கோச்சிக் கதையும் முடிஞ்சுது.

அவள் தன்ரை வரியைப் பாடி முடிச்சுப்போட்டுக் காத்துக்கொண்டு நிண்டாள். இஞ்சை இவர் ரெலிபோனை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு அழுறார்.

"ஏன் நிக்கிறீங்கள்? இனி உங்கடை வரி" எண்டாள். அவள் அவரோடை கதைச்ச முதல் கதை அதுதான்.