மதுரைக்கு ஒரு மத்தியானம்

டென்மார்க்கில் தமிழருக்கு விமான ரிக்கற் விற்கிற தொழிலுக்கு உலகப்படம் தெரியத் தேவையில்லை; யாருடைய மச்சாள் யாரோடு கோபம் என்று தெரிந்தால் போதும். வைலே ரயில் நிலையத்துக்குக் கிட்ட இரண்டு கதிரையும் ஒரு கணினியும் போட்டு நான் ஒரு கடை நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் விலை கேட்டு, தேத்தண்ணி குடித்து, வீட்டுக்குப் போய் இணையத்தில் பதிந்துகொள்வார்கள். மிச்சப்பேர் குடும்பத்தோடு போகிறவர்கள். முதலாவது கூட்டத்தை மன்னித்துவிடலாம். வீட்டாட்களுக்குப் பயணம் ஒழுங்கு செய்து ஒருமுறையாவது நொந்துபோன உறவுகளே, இது உங்களுக்குத்தான்.

ஆறு மணிக்குப் பிறகு

பவளக்கா சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். லீவு நாளில் ரயில் மாறி ஏறி என்னிடம் வந்தார். மதுரைக்குப் போகவேண்டும், ஒரு கிழமையும் மதுரையிலேயே நிற்கவேண்டும், வேறு ஒரு இடமும் வேண்டாம் என்றார். இப்படி ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் ஆட்களுக்கு இந்தியா என்றால் பட்டுச்சேலைக் கடை. போகிற வழியில் கோயில் வந்தால் இறங்கிக் கும்பிடுவார்கள்.

ஏன் மதுரை என்று கேட்டேன். கோயில் பார்க்க, மல்லிகைப்பூ வாங்க என்று தொடங்கி, பிறகு உண்மையைச் சொன்னார். இலங்கையில் இருந்து இங்கே வரமுதல் அவர் கண்ட இந்தியா, பயணத்துக்காகக் காத்திருந்த ஒரு மெட்ராஸ் அறை மட்டும்தான். வெளியே தலைகாட்டக் கூடாது என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். தெருவின் சத்தத்தை ஜன்னலால் கேட்டதோடு சரி. "சில்க்போர்க்கில ஆறு மணிக்குப் பிறகு தெருவில என்ர சப்பாத்துச் சத்தம் மட்டும்தான் பிள்ளை கேக்குது. சாமத்திலயும் கடை திறந்திருக்கிற ஒரு ஊரில ஒருக்கா ஆறுதலா நடக்கவேணும்."

விமானத்துக்கும் இராகுகாலம்

மனைவியைத் தனியே விடக்கூடாது என்று குகன் அண்ணையும் பயணத்தில் சேர்ந்தார். சேர்ந்தவர் சும்மா வரவில்லை. பழனியில் ஒரு பழைய நேர்த்திக்கடனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மதுரையில் இரண்டு நாள் குறைந்தது.

பிறகு விமான நேரத்தைப் பார்த்தார். பில்லுண்டில் இருந்து ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு. ஞாயிறு பின்னேரம் இராகுகாலம். அரை மணித்தியாலம் முந்தி எடுக்கச் சொல்ல ஏலாதோ என்று கேட்டார். விமானத்தில் இன்னும் ஆட்கள் இருப்பார்கள் என்று நான் சொன்னதை, மற்றவர்களுக்கும் நல்லதுதானே என்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பெட்டிகளை வீட்டைவிட்டு வெளிக்கிடுத்தி என் கடையில் கொண்டுவந்து வைப்பது. பெட்டி வெளிக்கிட்டால் பயணம் வெளிக்கிட்ட மாதிரி. என் கடையில் எனக்கே கால் நீட்ட இடமில்லை. அதைச் சொன்னேன். "பெட்டிதான் தங்கச்சி பயணம் போகுது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை அதுக்குப் பின்னால போறம், அவ்வளவுதான்."

மருமகனின் மூன்று நாள் ஓய்வு

அடுத்து மகளும் மருமகனும் சேர்ந்தார்கள். மருமகன் மிக்கேல் டேனிஷ்காரன். தங்கமான பிள்ளை, ஆனால் கோடைகால விடுமுறையை மாரியிலேயே மணிக்கணக்காய்ப் பிரித்து வைக்கிறவன். மடிக்கணினியை என் மேசையில் திறந்துவைத்து, மதுரையில் எந்த நாளில், எத்தனை மணிக்குச் சனம் குறைவு என்று கேட்டான். அப்படி ஒரு மணி இல்லை என்றேன். எழுதிக்கொண்டான். திருவிழா இல்லாத மாதம் எது என்று கேட்டான். அப்படி ஒரு மாதமும் இல்லை என்றேன். அதையும் எழுதினான்.

பக்கத்தில் இருந்த மகள் அவனுக்கு டேனிஷில் ஆறுதல் சொன்னாள். பவளக்கா மதுரைத் தெருக்களின் படங்களைக் கைபேசியில் தேடி எடுத்து அவனுக்குக் காட்டினார். அவன் மரியாதையாகப் பார்த்தான். பிறகு, மதுரை பார்த்த களைப்புக்குக் கேரளாவில் படகுவீட்டில் மூன்று நாள் ஓய்வு என்று முடிவாயிற்று. அந்த மூன்று நாளும் மதுரையில் இருந்துதான் போனது. போகிறபோது வாசலில் நின்று மனம் நொந்து கேட்டான்: "இவ்வளவு சத்தத்துக்கு அங்கே இருக்கிற ஆட்கள் எந்தக் கொமூன் நகரசபையில் போய் முறைப்பாடு கொடுக்கிறார்கள்?"

மச்சாளின் ஜன்னல்

மிச்சமிருந்த இரண்டு நாளுக்கு ஹ்விடோவ்ரேயில் இருந்து தொலைபேசி வந்தது. குகன் அண்ணையின் தங்கச்சி, பவளக்காவுக்கு மச்சாள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். மகளின் கலியாணம் வருகிறது, காஞ்சிபுரத்தில் சேலை எடுக்கத் தானும் வருவதாகச் சொன்னார். அதற்கு ஒன்றரை நாள் வேண்டுமாம். சேலைக்கு முன்னால் எந்த ஊர் நின்று பிடிக்கும்?

மதுரையில் தங்குவதென்றால் தனக்குக் கோபுரம் தெரியாத அறை வேண்டும் என்றார். கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் கோபுரம், அறையை எங்கே திருப்புவது என்று யோசித்தேன். ஆனால் அவருடைய கவலை ஆன்மீகம் மட்டுமில்லை. கோபுரம் தெரிகிற அறைக்கு விடுதிக்காரர் கூடக் காசு வாங்குவதை எங்கேயோ படித்திருந்தார். "எங்களுக்குக் கோபுரம் வேண்டாம் தங்கச்சி. அதைக் கழிச்சுப்போட்டு ஒரு விலை சொல்லுங்கோ."

நல்ல நேரத்தில் வெளிக்கிட்ட பெட்டி

கடைசியில் திட்டம் இப்படி வந்து நின்றது: சென்னை, காஞ்சிபுரம், பழனி, அங்கிருந்து வாடகை வான் பிடித்துக் கேரளா. வழியில் மதுரையில் மத்தியானச் சாப்பாடு மட்டும். ஒரு மணிக்கு இறங்கி மூன்றரைக்கு ஏறவேண்டும். கோயில் மத்தியானம் பூட்டி நாலு மணிக்குத்தான் திறக்கும். மல்லிகைப்பூ வாங்கலாம், வானின் குளிரூட்டிக்கு அது வாடாமல் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பவளக்கா திட்டத்தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். முதியோர் இல்லத்தில் வேலை செய்து செய்து, எல்லாருக்கும் தலையணையைச் சரிப்பண்ணிவிட்டு ஓரமாய் நிற்கப் பழகிவிட்டார் என்று நினைத்துக் கவலைப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு அண்ணையும் அக்காவும் தங்கள் இரண்டு பெட்டிகளையும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணை பெட்டிகளைக் கிழக்குப் பார்த்து வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தார். அக்கா கதிரையில் இருந்தார். "பிள்ளை, நாங்கள் சாப்பிடேக்க கோயில் திறந்திருக்குமோ?" என்று கேட்டார். பூட்டியிருக்கும் அக்கா என்றேன். வெளியில நிண்டு கும்பிடலாம்தானே என்றார் அண்ணை.

அக்கா எழும்பித் தன்னுடைய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் எல்லாரும் சென்னையில இருந்து உங்கட பாட்டுக்குப் போங்கோ. என்ர பெட்டி மதுரைக்கெண்டு வெளிக்கிட்டது. நல்ல நேரத்தில வெளிக்கிட்ட பெட்டியை வழியில திருப்பினால் சரிவராது எண்டு நீங்கள்தானே சொல்லுவியள்?" அண்ணை என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன். பழனிக்கு மதுரையில் இருந்தும் ஒரு நாளில் போய்வரலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். அண்ணை தன்னுடைய பெட்டியை உருட்டி அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "அப்ப... என்ர பெட்டியும் அதோடதானே வெளிக்கிட்டது."

பத்தரை மணி

சென்னையில் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. மச்சாள் காஞ்சிபுரத்தில் நாலு நாள் நின்றதாகக் கேள்வி. மிக்கேல் படகுவீட்டில் இருந்து எனக்குச் செய்தி அனுப்பினான். பக்கத்துப் படகில் விடியவிடிய ஒலிபெருக்கியாம். தண்ணீருக்கு எந்தக் கொமூன் பொறுப்பு என்று கேட்டிருந்தான்.

அடுத்தநாள் நான் கடையைப் பூட்ட வெளிக்கிட்டேன். பின்னேரம் ஆறு மணி, மாரி இருட்டு. எதிர்ப் பூக்கடை விளக்கை அணைத்தாயிற்று, தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. அந்த நேரம் பவளக்காவின் குரல்பதிவு வந்தது. முதலில் ஹோர்ன் சத்தம், பிறகு யாரோ பூ விற்கிற குரல், பிறகு "பவளம், அந்தத் தெரு இன்னும் பாக்கேல்லை, கெதியா வா" என்று அண்ணை. அதுக்குப் பிறகுதான் அக்கா. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிடிபடவில்லை. வாசலில் நின்று இரண்டு தரம் கேட்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. "பிள்ளை, இஞ்ச பத்தரை தாண்டிட்டுது. ஒருத்தரும் கடை பூட்டேல்லை!"

இப்போது யார் குடும்பத்தோடு பயணம் கேட்டு வந்தாலும் நான் முதலில் பெட்டியைத்தான் நல்ல நேரத்தில் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறேன். ஆட்கள் எங்கே போவதென்பதை அது பார்த்துக்கொள்ளும்.