மாமாவும் பித்தளை டம்மியும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் கடைசி நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறவள். நான் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்று இரண்டு முறை எழுதியதைக் கிழித்தும் போட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தை வாயால் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. திருவேற்காட்டில் ஒரே காம்பவுண்டுக்குள் எங்கள் வீடும் மாமா வீடும் இருந்தன. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வேனுக்கு ஓனர் வேறு ஒருவர். அந்த வருடம் அப்பாவின் கம்பெனியில் ஒரு தாளைக் கையில் கொடுத்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு இரண்டு வீட்டு அடுப்பும் மாமாவின் வேனை நம்பித்தான் எரிந்தது.

அத்தை மாமாவை டம்மி என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதில் அவள் ரொம்பக் கண்டிப்பு. டம்மி என்பது மட்டும் மரியாதைக் குறைவாக அவளுக்குப் படவில்லை. "இன்னா டம்மி, அரிசி வாங்கினியா மறந்துட்டியா?" என்பாள். மாமா தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காம்பவுண்டு வாசலில் நின்ற வேனுக்கு அடியில் மண் நனைந்து கிடந்தது. மெக்கானிக் வந்து சாக்கை விரித்து அடியில் புகுந்தார். ஓனரும் பைக்கில் வந்து இறங்கினார்.

"டம்மி பூட்ச்சு அண்ணாத்தே," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "துரு தின்னு ஓட்டை உழுந்துகீது. ரேடியேட்டர்ல இன்னா தண்ணி ஊத்துற நீ?"

"போர் தண்ணிதான்," என்றார் மாமா.

"சோப்பு நுரையே வராத தண்ணி. இரும்பு மட்டும் எத்தினி நாளு தாங்கும்?"

இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமான ஓட்டைகள் உண்டு. உள்ளே ஓடுகிற தண்ணீர் வெளியே வராமல் அவற்றைக் கிண்ணம் மாதிரி ஒரு சின்ன மூடியால் அடைத்திருப்பார்கள். அந்த மூடிக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் டம்மி. இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்த டம்மி ஒருவர்தான். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓனர் முன்னால் நின்றிருந்தார்.

ஓனர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இன்னைக்குள்ள டம்மிய மாத்து. காலைல ஆறு மணிக்கு வண்டி ஸ்டாண்டுல நிக்கணும். ரெண்டு மாசத்துல இது மூணாவது தடவ. வேற டிரைவர் ஒருத்தன் தெனமும் என் ஊட்டாண்ட வந்து கேட்டுகினு கீறான்."

டம்மியை மாற்று, வேற டிரைவர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒரே அர்த்தம்தான் கிடைத்தது. மாமாவை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடப்போகிறார்கள். அதற்கு மாமாவே தலையாட்டுகிறாரே என்பதுதான் புரியவில்லை.

மெக்கானிக் ஓட்டையிலிருந்த மூடியின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினார். அது உள்ளுக்குள் விழுந்துவிடாமல் பக்கவாட்டில் திரும்பியதும் பிளையரால் பிடித்து இழுத்தார். அந்தத் துருப்பிடித்த மூடியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, மெக்கானிக்கின் மொபெட்டில் என்னையும் ஏற்றி, மாமா அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போனார்.

கடைக்காரர் கண்ணாடிமேல் ஏழெட்டு மூடிகளைப் பரப்பினார். எல்லாம் எனக்கு ஒன்று போலவே தெரிந்தன. மாமா ஒவ்வொன்றையும் பழையதோடு சேர்த்து வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"மயிரிழை பெருசா எடு நைனா. அப்பதான் அடிக்கச்சொல்ல இறுகி உக்காரும்," என்றார் கடைக்காரர். "வெளிநாட்டுல இதுக்கு வேற கதை சொல்லுவான். குளிர்ல உள்ள கீற தண்ணி ஐஸாயி உப்புனா, இது பிதுங்கினு வெளிய வந்துடுமாம். பிளாக்கு பொழச்சிக்குமாம்."

"நம்ம ஊர்ல ஐஸு ஐஸ் வண்டில மட்டும்தான் கீது," என்றார் மாமா.

கடைசியில் இரும்பை ஒதுக்கிவிட்டுப் பித்தளையில் ஒன்றை எடுத்தார். "இது துருவே புடிக்காது கண்ணு. இனிமே ஓனரு வாயே தொறக்க மாட்டாரு," என்று என்னிடம் காட்டினார். வரும் வழியெல்லாம் பொட்டலம் என் மடியில் இருந்தது. இந்தச் சின்ன மூடி எப்படி மாமாவை அனுப்பும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஆனால் அப்பாவை ஒரு தாள்தானே அனுப்பியது? தாள் செய்கிறதை மூடி செய்யாதா?

வீடு வந்ததும் மாமா பொட்டலத்தை வேன் படியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். மெக்கானிக் உப்புத்தாளால் ஓட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பொட்டலத்தை எடுத்துப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு, காம்பவுண்டுக்குப் பின்னாலிருந்த குட்டைக்கு ஓடினேன். ஆகாயத்தாமரைக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் தெரிந்த இடமாகப் பார்த்து வீசினேன். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்தபோது தேடிக்கொண்டிருந்தார்கள். மாமா தரையோடு தரையாகப் படுத்துச் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

"பொட்டலத்தப் பாத்தியா கண்ணு?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"பளபளன்னு கீதேன்னு காக்கா தூக்கினு பூட்டுச்சா?" என்றார் மெக்கானிக்.

"டம்மி கைல டம்மியக் குடுத்தா இப்டித்தான் ஆவும்!" என்று அத்தை வாசலிலிருந்து சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் தேடுவதை விடவில்லை. முகமெல்லாம் மண்.

மறுபடி கடைக்குப் போகலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கே பூட்டிவிடுவார்கள். மெக்கானிக் ஒரு பால்பவுடர் டின்னைக் கவிழ்த்துக் கிளறினார். "வேற வண்டில கழட்டுன பழசு ஒண்ணு கீது. லேசா ஆட்டம். பேஸ்ட்டத் தடவி அடிச்சா நிக்கும்."

"பழசே போதுமாப்பா?" என்று மாமா இரண்டு தடவை கேட்டார்.

"வேற இன்னா பண்ணச் சொல்ற? பழசையே போடுவோம்."

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. பழசே போதுமாம். மாற்றவில்லையாம்.

மெக்கானிக் நெளிந்த விளிம்பைத் தட்டி நேராக்கினார். கசிவை அடைக்கும் பேஸ்ட்டைத் தடவி ஓட்டையில் வைத்தார். குழிக்குள் ஒரு பாக்ஸ் ஸ்பேனரை நிறுத்தி, சுத்தியலால் கோணாமல் மெல்ல மெல்ல அடித்து உட்காரவைத்தார். தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினார்கள். மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போய்வந்தார். இறங்கியதும் டார்ச் அடித்து அடியில் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. "வேகமா ஓட்டாத. சீக்கிரம் புச்சு ஒண்ணு வாங்கிப் போட்டுடு," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார்.

அன்று சாயங்காலம் அத்தை எங்களுக்கும் சேர்த்துத் தோசை சுட்டாள். "டம்மி, இன்னொண்ணு போடட்டா?" என்று அவள் கேட்டபோது நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் மாறவில்லை, ஆள் மாறவில்லை. இதைச் செய்தது நான்தான் என்று யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியாதது ஒன்றுதான் குறை. டம்மியில் இரண்டு உண்டு, ஒன்று மாறினால்தான் இன்னொன்று மாறாமல் இருக்கும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. வழக்கத்தைவிட ஒரு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, பன்னிரண்டு பேரோடு, சென்னீர்குப்பம் பக்கத்தில் ஆவி கக்கிக்கொண்டு வேன் நின்றுவிட்டது. மதியம் ஓனர் வந்து மாமாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார்.